ஏழு வருஷ சிப்பாய்

வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பட்டாளத்துக்குப் போவது குடும்ப வழக்கம். கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள். எங்கள் ஊர் அதற்குக் கொஞ்சம் தள்ளி. மானாவாரி நிலம், மழை பெய்தால் கேழ்வரகு, வேர்க்கடலை, பெய்யாவிட்டால் கடன். படிப்பை முடித்த பையனுக்கு அன்று தோல் பதனிடும் ஷாப்பு, பீடி சுற்றுவது, பட்டாளம் ஆகிய மூன்றை விட்டால் வேறு வழி கண்ணுக்குத் தெரியாது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் முடிந்த கையோடு ஆள் எடுத்தார்கள். மார்பை அளந்தார்கள், ஓடவிட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். மதராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாய் ஆனேன்.

கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்த கணக்கு, ஏழு வருஷம் கலர் சர்வீஸ், எட்டு வருஷம் ரிசர்வ். முதல் ஏழு வருஷம் முழுநேரச் சிப்பாய். பிறகு ஊருக்குப் போகலாம். ஆனால் அடுத்த எட்டு வருஷத்துக்குள் எப்போது கூப்பிட்டாலும் திரும்பி வந்து நிற்க வேண்டும். இரண்டும் சேர்த்துப் பதினைந்து முடித்தால் ரிசர்விஸ்ட் பென்ஷன். பத்தொன்பது வயதில் இதையெல்லாம் யார் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள்? ஏழு வருஷத்துக்குச் சோறும் துணியும் சம்பளமும் உறுதி. அது போதுமாக இருந்தது.

வெலிங்டனில் பயிற்சி. நீலகிரிக் குளிரில் விடியுமுன் எழுப்பி மலையில் ஓடவிடுவார்கள். தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடன் எல்லோரும் ஒரே பாரக்கில். சொல்லிக் கொடுக்கும் உஸ்தாதுக்கு எங்கள் நான்கு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். திட்டுவதற்கு மட்டும் இந்தி. ராணுவம் முழுக்க எங்கள் ரெஜிமென்ட்டுக்காரர்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். பாய்ந்து ஏறும்போது போடும் கோஷமும் தமிழ்தான்: "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு!" பயிற்சிச் சிப்பாயாக அதைக் கத்திக்கொண்டு வைக்கோல் பொம்மைக்குள் பயனெட்டைச் செருகிக்கொண்டிருந்த நாட்களில்தான், 1966 ஜனவரியில், தாஷ்கண்ட் ஒப்பந்தமும் பிரதமர் சாஸ்திரி இறந்த செய்தியும் அடுத்தடுத்து வந்தன. அந்தப் போரில் உயிரைக் கொடுத்துப் பிடித்த ஹாஜி பீர் கணவாயைப் பாகிஸ்தானுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது உஸ்தாத் அன்று முழுக்கப் பேசவில்லை. அவர் மௌனத்துக்குக் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஏழு வருஷம் கழித்து விளங்கியது.

1971 டிசம்பர் 3 மாலை மேற்கே போர் தொடங்கியபோது எங்கள் பட்டாலியனான 16 மதராஸ், 54ஆம் காலாட்படை டிவிஷனோடு ஜம்முவின் சம்பா பக்கம் இருந்தது. எதிரே பாகிஸ்தானின் ஷக்கர்கர் பகுதி. கிழக்கே வங்கதேசம் விடுதலையாகிக்கொண்டிருந்ததை ரேடியோவில் கேட்டோம். எங்கள் பக்கம் ஒவ்வொரு கிராமமும், ஒவ்வொரு கண்ணிவெடி வயலும் விலை கேட்டது. டாங்கி போக வேண்டுமானால் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினர் முதலில் கண்ணிகளைக் களைந்து பாதை திறக்க வேண்டும். பாதையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளை நாடா கட்டுவார்கள். ஆனால் பசந்தர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடம் பிடித்து வைத்தால்தான் சாப்பர்கள் வேலை செய்ய முடியும். அதற்குப் போகிறவன் காலாட்படைக்காரன். அவனுக்கு நாடா கட்டிய பாதை கிடையாது.

டிசம்பர் 15 இரவு பசந்தர் ஆற்றைக் கடந்தோம். 16 மதராஸ் சராஜ் சக் பக்கமும், 3 கிரனேடியர்ஸ் ஜர்பால் பக்கமும் போனார்கள். ஆள் உயரச் சர்காண்டாப் புல், மூடுபனி, எலும்பை வெட்டும் தண்ணீர். டாங்கிக்கு வைத்த கண்ணி மனிதன் எடைக்கு வெடிக்காது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் இடையிடையே மனிதனுக்கென்றே வைத்த சின்னக் கண்ணிகளும் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்னால் போகிறவன் கால் வைத்த இடத்திலேயே கால் வைக்க வேண்டும். எனக்கு முன்னால் போனவன் சேலத்துக்காரன். வெலிங்டனிலிருந்து என் பக்கத்துக் கட்டில். அவனுடைய பூட்ஸ் குதிகாலை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தேன். வலது கால் ஈரத்தில் பதிந்து எழும். என் வலது காலை அந்தக் குழியில் வைப்பேன். இடது கால் எழும். என் இடது கால் அதில் போகும். அவன் காலடியை நம்பி என் உயிர் நகர்ந்தது. கொஞ்சம் தள்ளி ஷெல் விழ, அவன் பக்கவாட்டில் தாவினான். அந்தத் தாவலில்தான் வெடித்தது.

சத்தம் பெரிதாக இல்லை. "காலு, காலு" என்றான். அவன் பெல்ட்டிலிருந்த ஃபீல்டு டிரஸ்ஸிங்கைப் பிரித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கினேன். நிற்கக் கூடாது, முன்னால் போ என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதுதான் உத்தரவு, தூக்கிப் போக வேறு ஆட்கள் வருவார்கள். போனேன். கோஷம் போட்டுக்கொண்டு ஏறினோம். பொழுது விடியுமுன் இடம் எங்கள் கையில் இருந்தது. எங்களோடு வந்தவர்களில் சிலர் இல்லை.

பாதை முழுதாகத் திறக்குமுன்பே 17 பூனா ஹார்ஸின் டாங்கிகள் கண்ணி வயலுக்குள் புகுந்து எங்களிடம் வந்து சேர்ந்தன. 16ஆம் தேதி பகல் முழுக்க எதிரியின் பேட்டன் டாங்கிகள் திரும்பத் திரும்ப வந்தன. அன்றுதான் இருபத்தொரு வயது செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால், எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்துப் போரிட்டு இறந்தார். மறுநாள் ஜர்பாலில் மேஜர் ஹோஷியார் சிங் காயத்தோடு பதுங்கு குழிக்குப் பதுங்கு குழி நடந்து தன் ஆட்களை நிறுத்தி வைத்தார். இருவருக்கும் பரம்வீர் சக்ரா. எங்களுக்கு அப்போது எதுவும் தெரியாது. குழிக்குள் இருப்பவனுக்கு எதிரே இருக்கும் நூறு கஜம்தான் போர். கிழக்கே பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்தது என்பது 16ஆம் தேதி மாலை வந்த செய்தி. மறுநாள் இரவு 8 மணிக்கு மேற்கிலும் சுடுவது நின்றது.

அதன் பிறகு ஒரு வருஷம் பிடித்த மண்ணிலேயே இருந்தோம். ஆள் இல்லாத கிராமங்கள். ஒரு வீட்டு அடுப்படியில் ரொட்டிக்குப் பிசைந்த மாவு தட்டிலேயே கல்லாகக் காய்ந்திருந்தது. மூலையில் குழந்தையின் சிலேட்டு. எங்கள் ஊரில் கேழ்வரகுக் களி கிளறுகிற மண் அடுப்புக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் எங்களுக்குத் தீங்கு செய்தவர்கள் அல்ல. ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள். 1972 ஜூலையில் சிம்லாவில் ஒப்பந்தம் ஆனது. டிசம்பரில் அந்த மண்ணை விட்டுத் திரும்பினோம். அந்த அடுப்புக்கு உரியவள் திரும்பி வருவாள் என்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் சேலத்துக்காரனின் கால் கிடந்த மண் அது. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு நடப்பது எப்படி என்று எந்த உஸ்தாதும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த மாதமே என் ஏழு வருஷமும் முடிந்தது. டிஸ்சார்ஜ் புத்தகம், பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டி, மேற்குமுனையில் போரிட்டவர்களுக்கான பஷ்சிமி ஸ்டார் பதக்கம். காட்பாடியில் ரயில் இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. ஊரில் மாலை போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பேசச் சொன்னார்கள். மாலை வாடுமுன் அடுத்த கேள்வி வந்தது: இனி என்ன செய்யப் போகிறாய்?

நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உள்ள கம்பெனியில் இரவு எந்த மூலையில் யார் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். எஸ்.எல்.ஆர் துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவேன். இவை எதற்கும் வெளியே சம்பளம் இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் நைட் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. எதற்குப் பயந்து பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனேனோ அந்தச் சுண்ணாம்புத் தொட்டி வாசனைக்கே திரும்பி வந்தேன். அங்கே யாருக்கும் பசந்தர் தெரியாது. நானும் சொல்லவில்லை. ரிசர்வில் இருந்ததால் எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்று, நிரந்தர வேலை கொடுக்கவும் தயங்கினார்கள். நாட்டுக்காகத் தயாராக இருப்பதே வேலைக்குத் தடையாக இருந்த காலம் அது.

சேலத்துக்காரனைப் புனேயில் உள்ள செயற்கை உறுப்பு மையத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, 1944இல் தொடங்கிய இடம் அது. அங்கே கால் பொருத்தி, நடக்கப் பழக்கி, ஊனப் பென்ஷனோடு ஊருக்கு அனுப்பினார்கள். இன்லண்ட் லெட்டரில் எழுதுவான். கடைசி வரியில் எப்போதும் என் காலைப் பற்றி விசாரிப்பான். அன்று அவன் எனக்கு முன்னால் நடக்காமல் இருந்திருந்தால் அந்த அடி என்னுடையது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எண்பதுகளில்தான் வாழ்க்கை கொஞ்சம் நிமிர்ந்தது. மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளில் 10 சதவீதம், 'டி' பிரிவில் 20 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அதுபோல 14.5, 24.5 சதவீதம் என்று ஒதுக்கீடு வந்திருந்தது. ஒரு வங்கிக் கிளையில் ஆயுதக் காவலராகச் சேர்ந்தேன். இருபது தோட்டா மேகஸின் போட்ட துப்பாக்கியைச் சுமந்தவன் கையில் இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி. முக்காலி, சீருடை, கேஷ் கவுன்ட்டரின் கம்பிக் கதவு. அந்த வேலையை நான் நேசித்தேன். சலான் நிரப்பத் தெரியாத பாட்டிகளுக்கு நிரப்பிக் கொடுத்தேன். சம்பள நாளில் கூட்டத்தை வரிசையில் நிறுத்தினேன். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அந்த ஒதுக்கீடு இல்லையென்றால் என் பிள்ளைகளும் தோல் ஷாப்புக்குத்தான் போயிருப்பார்கள். ஒரு சிப்பாய்க்கு அரசு செய்யக்கூடிய மிகப் பெரிய மரியாதை எது என்று கேட்டால், அந்த நியமன உத்தரவைத்தான் காட்டுவேன்.

சேலத்துக்காரனுக்கு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. கண்ணாடிக் கூண்டு, மஞ்சள் போர்டு, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். ராத்திரியில் கட்டணம் குறையும் என்று ஊரே அங்கே வந்து நிற்கும். துபாயில் இருக்கும் கணவனோடு பேசும் பெண்கள் அழுதால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நாட்டின் எல்லையில் நின்றவன் ஊரின் செய்திகளுக்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று பெருமையாக எழுதினான். கைப்பேசி வந்தது, சில வருஷங்களில் மீட்டர் ஓடுவது நின்றது. அவனும் போய்விட்டான்.

எங்களுக்குப் போரை நடத்திக் காட்டிய தளபதி சாம் மானெக்‌ஷாவும் கடைசிக் காலத்தில் எங்கள் வெலிங்டனை ஒட்டிய குன்னூரில்தான் வாழ்ந்தார். 1973 ஜனவரியில் அவரை ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார்கள். அந்தப் பதவியில் ஓய்வே இல்லை. உயிர் உள்ளவரை முழுச் சம்பளம் உண்டு. அந்தச் சம்பள நிலுவை ஒரு கோடிக்கு மேல் சேர்ந்து அவர் கைக்கு வந்தது 2007இல். அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. அடுத்த வருஷம் ஜூனில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். போரை வென்றுகொடுத்த ஃபீல்டு மார்ஷலுக்கே நிலுவை வரத் தொண்ணூறு வயதாக வேண்டியிருந்தால், அவருக்குக் கீழே இருந்த சிப்பாயின் விதவை எத்தனை காலம் காத்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நினைத்துப் பார்க்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட விதவைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் வேலை அவர்களுக்கு உதவுவதுதான். நவம்பர் மாதம் பிறந்தால் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்கு வருஷாந்திரச் சான்று கொடுக்க வேண்டும். முன்பு வங்கி மேனேஜர் முன்னால் போய் நின்று கையெழுத்துப் போட்டால் போதும். அவர் முகத்தைப் பார்த்து, "எப்படியிருக்கீங்க பாட்டி?" என்று கேட்டுவிட்டு சீல் போடுவார். 2014இல் ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்தது. கைரேகை வைக்க வேண்டும். பிறகு ராணுவப் பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் முறைக்கு மாறியது. வாழ்நாள் முழுக்க நாற்று நட்டு, களை பறித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழாது. ஒரு விரலை வைத்துப் பார்ப்போம், அடுத்ததை வைத்துப் பார்ப்போம். கையைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி மறுபடி வைப்போம். முகத்தைப் படம் எடுத்தே சரிபார்க்கும் வசதி வந்த பிறகுதான் அந்தக் கஷ்டம் குறைந்தது. இப்போது என் பேரனின் போனைப் பிடித்துக்கொண்டு, "கண்ணைச் சிமிட்டுங்க அக்கா" என்கிறேன்.

கைரேகையை விடப் பெரிய சங்கடம் பெயர். சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், பட்டாலியனில் பார்ட் டூ ஆர்டர் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் பின்னாளில் விதவைக்குப் பென்ஷன் கொடுக்கும் பெயர். எங்கள் தெரு அக்கா ஒருவர் ஆதாரில் ராஜேஸ்வரி. அவர் வீட்டுக்காரர் பட்டாளத்தில் எழுதிக் கொடுத்தது, வீட்டில் கூப்பிடுகிற ராணி. நாற்பது வருஷம் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வீட்டுக்காரர் கண்ணை மூடிய பிறகு, ராணிதான் ராஜேஸ்வரி என்று நிரூபிக்கத் தாசில்தார் சான்று, அபிடவிட், கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த பழைய போட்டோ என்று அலைந்தோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறும்போது, "உங்க அண்ணன் இருந்திருந்தா இந்தப் படி ஏற விட்டிருப்பாரா?" என்று கேட்டார். ஒரு வரி எழுத்தைச் சரி செய்ய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பென்ஷன் வந்த அன்று எனக்கும் ஒரு வேட்டி வாங்கி வந்திருந்தார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2003இல் ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் வந்த பிறகு எங்களைப் போன்றவர்கள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கடன் வாங்காமல் வைத்தியம் பார்க்கிறோம். ஒரே பதவி, ஒரே சர்வீஸ், ஆனால் ஓய்வு பெற்ற வருஷம் வேறு என்பதால் பென்ஷனும் வேறு என்ற அநியாயத்துக்கு எதிராக 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் கிழவர்கள் பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த செப்டம்பரில் ஒரே பதவி ஒரே பென்ஷன் அறிவிப்பு வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, ஆனால் கேட்டதால்தான் கிடைத்தது. 1949 முதல் டிசம்பர் 7 கொடிநாள். அன்று குழந்தைகள் உண்டியலில் போடும் காசு எங்களில் ஒருவர் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்குப் போகிறது. அதைக் கொடுக்கிற குழந்தைகளை நான் வணங்குகிறேன்.

இப்போது எங்கள் தெருவிலிருந்து பையன்கள் அக்னிவீரராகப் போகிறார்கள். 2022 ஜூனில் அறிவித்த அந்தத் திட்டத்தில் சர்வீஸ் நாலு வருஷம். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிரந்தரமாகத் தங்கலாம். மற்றவர்களுக்குச் சம்பளத்தில் பிடித்ததும் அரசு போட்டதும் வட்டியுமாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாய், பென்ஷன் கிடையாது. ஒரு பையன் லீவில் வந்தபோது கேட்டான்: "தாத்தா, நாலு வருசம் கழிச்சி ஊட்டுக்கு அனுப்பிட்டா இன்னா பண்றது?"

அவனுக்கு நான் சொன்னது இது. உன் பெயரை, அம்மா பெயரை, கல்யாணம் ஆனால் மனைவி பெயரை, ஆதாரில் உள்ளது போலவே எழுத்துக்கு எழுத்து பதிவு செய். டிரைவிங், வயர்லெஸ், கம்ப்யூட்டர் என்று எந்தக் கோர்ஸ் கொடுத்தாலும் தள்ளாதே. சான்றிதழைக் கையில் வாங்கு. வருகிற பணத்தில் வீடு கட்டாதே, தங்கைக்குக் கல்யாணம் செய்துவிடாதே. அது உன் அடுத்த வாழ்க்கைக்கான முதல். கூட நடப்பவன் காலடியைப் பார்த்து நட.

அரசுக்குச் சொல்ல வேண்டியது வேறு. குறுகிய சர்வீஸ் இந்த நாட்டுக்குப் புதிது அல்ல. ஏழு வருஷ சிப்பாய்கள் நாங்கள் லட்சக்கணக்கில் இருந்தோம். எங்களுக்காவது ரிசர்வ் என்ற கயிறும் அதன் முடிவில் ஒரு பென்ஷனும் இருந்தன. முன்னாள் அக்னிவீரர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022இலேயே சொல்லியிருக்கிறார்கள். 2023 தொடக்கத்தில் பயிற்சியில் சேர்ந்த ராணுவத்தின் முதல் அணிக்கு 2027 தொடக்கத்தில் நாலு வருஷம் நிறைகிறது. ஒதுக்கீடு என்பது அறிவிப்பில் இருந்தால் போதாது. வெளியே வருகிறவன் கையில் டிஸ்சார்ஜ் காகிதமும் வேலை உத்தரவும் ஒரே நாளில் இருக்க வேண்டும். மாநில அரசும், வங்கிகளும், தொழிற்சாலைகளும் அதற்கான இடங்களை இப்போதே எண்ணி வைக்க வேண்டும். எனக்கு அந்த இரண்டு காகிதத்துக்கும் நடுவே இளமை முழுதும் போனது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம்கூடப் போகக் கூடாது.